நீராவியை நம்பிய வழக்கறிஞர்

குழந்தைகளே! இட்லிப் பானை கொதிக்கும்போது மூடி 'தடதட'வென்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுவது யார்? நீராவிதான். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கிறது. இடம் கிடைக்காவிட்டால் மூடியைத் தள்ளுகிறது. வெளியே வெள்ளையாகத் தெரிவது ஆவி அல்ல; ஆவி குளிர்ந்து உண்டான பொடிப்பொடி நீர்த்துளிகள். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது! நான் சிறுவனாக இருந்தபோது புதுக்கோட்டை ரயில் நிலையத்தில் 'புஸ்... புஸ்' என்று வந்து நிற்கும் கரி எஞ்சினை வாய் பிளந்து பார்ப்பேன். அதை இழுத்ததும் இதே ஆவிதான்.

இந்த ஆவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு வெள்ளையரை எதிர்த்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. செக்கிழுத்தவர் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் ஆரம்பித்த கம்பெனியின் முழுப்பெயர் தெரியுமா? 'சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி'!

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பாவைப் போலவே வழக்கறிஞர் ஆனார். தூத்துக்குடியில் தொழில் நடத்தியபோது துறைமுகத்தைக் கவனித்தார். நம்மவர்களிடம் பாய்மரத் தோணிகள் இருந்தன. ஆனால், காற்று வீசினால்தான் தோணி போகும். நீராவிக் கப்பலோ காற்றுக்குக் காத்திருக்காது. சொன்ன நாளில் கிளம்பும். கொழும்புக்குப் போகும் அந்தக் கப்பல்கள் ஆங்கிலேயர் கம்பெனியின் கையில் இருந்தன. அவர்கள் கேட்டதுதான் கட்டணம்!

1906 அக்டோபரில் வ.உ.சி. கம்பெனியைப் பதிவு செய்தார். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 10 லட்சம் ரூபாய் வரும். முதலில் வாடகைக் கப்பல் ஓட்டினார்கள். ஆங்கிலேயர் நெருக்கியதால் கப்பல் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். சொந்தக் கப்பல் இல்லாமல் முடியாது என்று வ.உ.சி. வடக்கே பம்பாய் வரை போய்ப் பணம் திரட்டினார். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

நீராவிக் கப்பல் எப்படி ஓடுகிறது? கொதிகலனில் நிலக்கரி எரியும். ஆவி குழாய் வழியாகப் பாய்ந்து உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். அந்த அசைவு நீருக்கடியில் உள்ள விசிறியைச் சுழற்றும். ஒரு வேடிக்கை! சுற்றிலும் கடல் இருந்தாலும் கொதிகலனுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். கடல்நீரைக் காய்ச்சினால் உப்புப் படிந்துவிடும். அதனால் வேலை முடிந்த ஆவியைக் குளிரவைத்து, மறுபடி தண்ணீராக்கிக் கொதிகலனுக்கே அனுப்புவார்கள்.

சுதேசிக் கப்பலில் கூட்டம் அலைமோதியது. ஆங்கிலேயர் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள்! 

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை! மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் அவரை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். கடலில் இயந்திரத்தை இழுக்க ஆவியைக் கொண்டுவந்த மனிதர், கல்செக்கைத் தம் தோளால் இழுத்தார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவருக்குக் கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. 1911-லேயே எல்லாம் கலைக்கப்பட்டிருந்தது. வறுமையில் வாழ்ந்து 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் மறைந்தார்.

2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இப்போது அங்கு வரும் கப்பல்கள் பெரும்பாலும் எண்ணெயில் ஓடுகின்றன. அதனால் நீராவி ஓய்வு பெற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியும் கூடங்குளத்தில் அணுவும் தரும் வெப்பத்தில் தண்ணீர்தான் கொதிக்கிறது. அந்த ஆவி சக்கரத்தைச் சுழற்றித்தான் மின்சாரம் பிறக்கிறது.