திருச்சுழி வேங்கடராமன்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையில் சித்திரை மாத நண்பகலில் நடந்தவர்களுக்கு நிழலின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இருமருங்கும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும்; பொய்த்தால் கடன்தான் விளையும். குண்டாற்றில் நீரோடும் நாட்களைவிட மணல் தகிக்கும் நாட்களே மிகுதி. இந்த வறண்ட நாட்டில் பிறந்த ஒருவர், குன்றாத இன்பம் மனிதனுக்கு இயல்பானது என்று உலகுக்குச் சொன்னார் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு உண்டாகிறது.

1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, திருவாதிரைத் திருநாளில் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமனே பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று பெயர் பெற்றார். தந்தை சுந்தரமய்யர் பட்டம் பெறாத வக்கீல். சொற்பச் சம்பளக் குமாஸ்தாவாகத் தொடங்கி, மனு எழுதிப் பழகி, பின்னர் கோர்ட்டில் வாதாட அனுமதி பெற்றவர். ஊருக்குப் புதிதாய் வருவோர் அவர் வீட்டில் உண்டு தங்குவது வழக்கம். பட்டங்களைச் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்ற வக்கீல்களில் எத்தனை பேர் வீட்டுத் திண்ணைக்கு அந்தப் பெயர் உண்டு? அது கிடக்கட்டும். 1892-இல் தந்தை காலமானார்; மூத்த பிள்ளைகள் மதுரையில் சிற்றப்பன் வீட்டில் வளர்ந்தனர்.

1896 ஜூலையில், பதினாறு வயதுச் சிறுவனாகிய வேங்கடராமனை அவ்வீட்டு மாடியில் திடீரென்று மரண பயம் பற்றியது. உடம்பில் நோய் ஏதுமில்லை. வைத்தியரை அழைக்காமல், பிணம்போல் கிடந்து, சாவது உடம்பா, நானா என்று தனக்குள்ளேயே ஆராய்ந்தான். அந்த ஆராய்ச்சியில் பயம் ஒழிந்தது, மீண்டும் வரவேயில்லை. ஆறு வாரத்திற்குப் பின், ஆகஸ்டு 29-ந் தேதி, தமையனின் கல்லூரிச் சம்பளத்திற்கென்று கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, கையெழுத்துமிடாமல் புறப்பட்டான். உலகத்தையே துறக்கப் போகிறவன் இரண்டு ரூபாய்க்குக் கணக்குக் காட்டிச் சென்றது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை சேர்ந்தவர், பின்பு ஐம்பத்துமூன்று ஆண்டுகள் அவ்வூரை விட்டு அகலவில்லை.

இவ்வளவையும் கேட்டவர்கள், இன்பம் வேண்டுமானால் வீட்டை விட்டு ஓட வேண்டும் போலும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது பெரும்பிழை. வேலையை விட்டுத் துறவு பூணலாமா என்று தம்மைக் கேட்ட இல்லறத்தாரை அவர் தடுத்தாரேயன்றித் தூண்டவில்லை. ஊர் மாறினாலும் மனமும் கூடவே வருகிறது என்பது அவர் கூறிய காரணம். அவரிடமோ வீடே தேடி வந்தது. தாய் அழகம்மை 1916-இல் வந்து உடனிருந்து மலைமேல் அடுப்பு மூட்டினார். தம்பியும் துறவியாகி வந்து, பிற்காலத்தில் ஆசிரம நிர்வாகத்தை ஏற்றார். மகரிஷி பல்லாண்டுகள் விடியுமுன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கினார்; இலை தைத்தார்; அச்சுப் பிழை திருத்தினார்; சிதறிய அரிசியையும் வீணாக்கவிடார். பந்தியில் தமக்கென்று தனிப் பதார்த்தம் வைக்க இசையார். தினசரிப் பத்திரிகையும் படிப்பார். பத்திரிகைக்காரராகிய நமக்கு இதில் சிறிது கர்வமுண்டு.

தென்னாற்காடு ஜில்லா ரெவினியூ உத்தியோகஸ்தரான சிவப்பிரகாசம் பிள்ளை 1902-இல் அவரை நாடிக் கேட்ட கேள்விகளும் அவர் எழுதிக்காட்டிய விடைகளுமே பின்னர் ‘நான் யார்?’ என்னும் சிறு நூலாயின. அதில் நிழலைப் பற்றி ஓர் உவமை வருகிறது. மர நிழலில் இருந்தவன் வெயிலில் சென்று வாடி, மீண்டும் நிழலுக்கு வந்து ஆறுதலடைகிறான். திரும்பவும் வெயிலுக்கே போகிறான். விரும்பிய பொருள் கைக்கு வந்ததும் நாம் அடையும் இன்பம் அப்பொருளிலிருந்து வருவதன்று. அலைந்த மனம் ஒரு கணம் தன்னிடம் திரும்பியதால் வருவது. உறக்கத்தில் ஒரு காசும் கையிலில்லாமல் எவனும் சுகமாயிருக்கிறான் அல்லவா? ஆகையால் விரும்புகிறவன் யார் என்று உள்ளே பார் என்பது அவர் காட்டிய வழி. அதை அடுப்படியிலும் பார்க்கலாம், ஆபீஸிலும் பார்க்கலாம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுகிறது. அதனை நாம் மறைக்க விரும்பவில்லை. மழையின்றிக் கடனில் மூழ்கிய கரிசற்காட்டுக் குடியானவனிடமும், தறி ஓடாத நெசவாளியிடமும், இன்பம் உன் உள்ளேயே இருக்கிறது என்று வயிறு நிரம்பியவன் சொன்னால் அது கொடுமையன்றோ? கொடுமையேதான். ஆனால் மகரிஷி திருவண்ணாமலைத் தெருக்களில் கையேந்தி உண்டு வாழ்ந்தவர். சோற்றுக்குப் பதிலாக வேதாந்தத்தைப் பரிமாறியவர் அல்லர்.

தேசத் தொண்டையும் அவர் இகழ்ந்தாரில்லை. 1938 ஆகஸ்டில் காந்தியடிகளின் யோசனைப்படி இராஜேந்திர பிரசாதும், உடன் ஜம்னாலால் பஜாஜும் ஆசிரமம் வந்து சில நாள் தங்கினர். சுயராஜ்ய ஆசை தகுமா என்று பஜாஜ் கேட்டார். அந்த ஆசை சுயநலத்தில் தொடங்கினும், உழைக்க உழைக்க நோக்கு விரிந்து, தனி மனிதன் தேசத்தில் கரைந்துபோவதால் நன்றே என்பது மகரிஷியின் கருத்து. தியாகம் செய்து சுயராஜ்யம் பெற்றால் களிப்படைவது நியாயந்தானே என்று பஜாஜ் மேலும் கேட்டார். அதற்கு அவர் இணங்கவில்லை. மேலான சக்தியிடம் தன்னை ஒப்புவித்து உழைத்தவனுக்குப் பயனைக் கண்டு துள்ள இடமேது என்பது அவர் கருத்து.

அன்று இது சிலருக்குக் கசந்திருக்கும். 1947-இல் சுதந்திரம் வந்தது. சிறையில் சிரித்த முகத்தோடு இருந்தவர்களில் சிலர் பதவி கிட்டாமல் வாடினர், கிட்டியவர்களும் வாடினர். உழைக்கும்போதே நிறைந்திருந்தவர்களோ பதவியைப் பற்றி விசாரிக்கவுமில்லை. ராட்டையோடும் ஹரிஜன சேவையோடும் தம் ஊரிலேயே இருந்தனர். இன்றும் தேர்தல்தோறும் இவ்விரு வகையினரையும் காண்கிறோம்.

மகரிஷியின் இடது கையில் தோன்றிய புற்றுக் கட்டிக்கு 1949-இல் நான்கு முறை சஸ்திர சிகிச்சை நடந்தது. வலியை அவர் மறுக்கவில்லை. அதைப் பற்றி முறையிடவுமில்லை. காண வருவோரைத் தடுக்க மட்டும் இறுதிவரை இசையவில்லை. 1950 ஏப்ரல் 14-ந் தேதி மாலையிலும் ஜனங்கள் வரிசையாகச் சென்று அவரைக் கண்டு திரும்பினர். இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு மூச்சு நின்றது.