எண்களுக்கு எட்டாத ஏற்றம்: ஜாக்கி ராபின்சன்

தேர்ச்சி அறிக்கை வீட்டிற்குச் சென்றதும் பெற்றோரின் கண்கள் முதலில் நாடுவது புள்ளிகளையே. அது இயல்பு. புள்ளிகள் வேண்டியவையே, அவற்றை இகழ்வது பேதைமை. ஆயினும், ஒரு மனிதர் ஆற்றிய பணி முழுவதையும் எண்களால் அளந்துவிட இயலுமா? இவ்வினாவிற்கு விடை காண, எண்களால் மிகுதியும் அளக்கப்பட்ட ஒரு விளையாட்டு வீரரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர்தாம் அமெரிக்கப் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன்.

பேஸ்பால் ஆட்டம் நம் மாணவர்க்கு முற்றிலும் புதியதன்று. பள்ளித் திடலில் நாம் ஆடும் ரவுண்டர்ஸ் ஆட்டத்திற்கு அது நெருங்கிய உறவு. வீசப்படும் பந்தை மட்டையால் அடித்தவர் முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் ஆகியவற்றைத் தொட்டு, தாம் புறப்பட்ட தாய்த்தளத்திற்கு மீண்டால் ஓர் ஓட்டம் கிடைக்கும். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 90 அடி தூரம். தளங்களை ஒட்டி நின்று காவல் புரிவோரை உட்கள ஆட்டக்காரர் என்பர். ராபின்சன் அத்தகையவர். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை நல்ல அடி அடிப்பவர் சிறந்த வீரர் எனக் கருதப்படுவார். பந்து அடிக்கப்படாதபோதே, எதிரணியினர் அயர்ந்த நொடியில் அடுத்த தளத்திற்கு ஓடிவிடுவதும் உண்டு. அதனைத் தளம் திருடுதல் என்பர். அக்கலையில் ராபின்சனுக்கு இணையானோர் மிகச் சிலரே.

இளமைப் பருவம்

ராபின்சன் 1919-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31-ஆம் நாள், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில், கெய்ரோ என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. அவருடைய முன்னோர் அடிமைகளாக வாழ்ந்த கறுப்பினத்தவர். தந்தையார் பிறர் நிலத்தில் வாரத்திற்குப் பயிரிட்டவர். உழைப்பவர் ஒருவர், விளைச்சலுக்குக் கணக்கு எழுதுபவர் வேறொருவர் என்ற நிலை அது. ராபின்சன் கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையார் குடும்பத்தை விட்டு அகன்றார்.

தாயார் மேலி மனம் தளரவில்லை. 1920-இல் ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தொலைதூரத்திலுள்ள கலிபோர்னியா மாநிலத்தின் பாசடீனா நகருக்குப் புகைவண்டி ஏறினார். அங்கே பிறர் வீடுகளில் துணி துவைத்தும் சமைத்தும் பிள்ளைகளை ஆளாக்கினார்.

மூத்த மகன்களுள் ஒருவரான மேக், 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். உலகில் இரண்டாமவராக வந்த அவருக்கு ஊர் திரும்பியதும் கிடைத்த வேலை தெருப் பெருக்குவதே. திறமை இருந்தும் நிறம் வழியை மறித்த காலம் அது. இதனைத் தம்பி ராபின்சன் கண்கூடாகக் கண்டார்.

ராபின்சன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, காற்பந்தின் அமெரிக்க வகை, கூடைப்பந்து, திடல் தடப் போட்டி, பேஸ்பால் ஆகிய நான்கிலும் பல்கலைக்கழகச் சிறப்பு பெற்றார். அங்கு அவ்வாறு நான்கிலும் சிறப்பு பெற்ற முதல் மாணவர் அவரே. பின்னர் இராணுவத்தில் சேர்ந்து 1943-இல் அதிகாரியானார். 1944-இல் டெக்சாஸ் மாநிலத்தில் இராணுவப் பேருந்தொன்றில் பின்புறம் சென்று அமருமாறு பணிக்கப்பட்டபோது அவர் மறுத்தார். அதற்காக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். குற்றமற்றவர் என விடுதலையும் பெற்றார்.

திறந்த கதவு

அக்காலத்தில் அமெரிக்காவின் உயர்நிலைப் பேஸ்பால் அணிகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. 1884-க்குப் பின்னர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கதவு மூடியே கிடந்தது. எழுதப்பட்ட சட்டம் ஏதுமில்லை. ஆயினும் மீறுவார் எவருமிலர். கறுப்பின வீரர்கள் தமக்கெனத் தனி அணிகள் அமைத்து ஆடினர். ராபின்சனும் 1945-இல் அத்தகைய அணியொன்றில் ஆடினார்.

நியூயார்க் மாநகரின் ஒரு பகுதியாகிய புரூக்ளினில் டாட்ஜர்ஸ் என்னும் அணி இருந்தது. அதன் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, 1945 ஆகஸ்டு 28-ஆம் நாள் ராபின்சனை அழைத்து நெடுநேரம் உரையாடினார். இழிசொல் வரும், அடி வரும். அவற்றிற்கு எதிர்ச்சொல்லும் எதிரடியும் கொடுக்காமல் பொறுத்திருக்க இயலுமா என்பதே ரிக்கி அவர்முன் வைத்த சோதனை. பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த அதே மனிதர், இப்போது வாய் திறவாமல் இருப்பதாக உறுதியளித்தார். தம் பின்னே காத்திருக்கும் வீரர்கள் பலர்க்கு அப்பொறுமையால் வழி பிறக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1946-இல் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகர அணியில் ஆடித் தம் தகுதியை மெய்ப்பித்தார். 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் புரூக்ளின் அணிக்காக முதல் தளத்தில் களமிறங்கினார். அன்று 25,000-க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். அந்நாளின் ஏட்டைப் புரட்டினால், ராபின்சன் நல்ல அடி ஒன்றும் அடிக்கவில்லை என்றே காணப்படும். ஆயினும் ஏழாம் பகுதியில் எதிரணியினரின் பிழையால் தளம் ஏறி, தம் அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்த ஓட்டத்தை எடுத்தவர் அவரே. புரூக்ளின் 5-3 என வென்றது. பேஸ்பால் வரலாற்றிலேயே மிகப் பெரிய நாள் என்று பின்னாளில் போற்றப்பட்ட அந்நாளில் அவருடைய அடிக் கணக்கு சுழியமே!

தம் அணியினருள் சிலரே அவருடன் ஆட விரும்பாது கையெழுத்து வேட்டையில் இறங்கியதும் உண்டு. சில ஊர்களில் தங்குமிடம் மறுக்கப்பட்டது. எதிரணியினர் தகாத சொற்களை வீசினர். பந்தைத் தலைக்குக் குறிவைத்தும் வீசினர். அவர் அளித்த விடை ஆட்டம் ஒன்றே. அவ்வாண்டு 29 தளங்களைத் திருடி முதலிடம் பெற்றார்; ஆண்டின் சிறந்த புதுமுக வீரருக்கான விருதையும் பெற்றார். 1949-இல் இரண்டாம் தளத்தில் ஆடிய அவர், 203 நல்ல அடிகள், 37 தளத் திருட்டுகள், .342 என்னும் மட்டையடி விகிதம் ஆகியவற்றுடன் அவ்வாண்டின் மிகச் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பத்து முறைக்கு மூன்று அடி சிறப்பு என்று முன்னர்க் கண்டோம். அவர் அதனையும் விஞ்சினார்.

வாகை சூடிய ஆண்டு

இத்தனை இருந்தும் புரூக்ளின் மக்களுக்கு ஒரு குறை இருந்தது. அவர்தம் அணி உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியில் ஒருமுறையேனும் வென்றதில்லை. 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் அதே மாநகரின் யாங்கீஸ் அணியிடமே தோற்றது.

1955-ஆம் ஆண்டு வந்தது. ராபின்சனுக்கு வயது 36. முடி நரைத்து, உடல் தடித்து, கால்கள் வலித்தன. பெரும்பாலும் மூன்றாம் தளத்தைக் காத்த அவர், 105 ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். 317 முறை மட்டை பிடித்து 81 நல்ல அடிகளே அடித்தார். விகிதம் .256, தளத் திருட்டுகள் 12. புரூக்ளினில் அவர் ஆடிய பத்து ஆண்டுகளிலும் மிகக் குறைந்த விகிதம் இதுவே. எண்களை மட்டும் நோக்குவோர், இவர் காலம் முடிந்தது என்றே கணித்திருப்பர். ஆயினும் அணி 98 ஆட்டங்களில் வென்று மீண்டும் யாங்கீஸ் அணியை எதிர்நோக்கியது.

செப்டம்பர் 28-ஆம் நாள் முதல் ஆட்டம். எட்டாம் பகுதியில் புரூக்ளின் 4-6 எனப் பின்தங்கியிருந்தது. ராபின்சன் மூன்றாம் தளத்தில் நின்றார். பந்து வீசியவர் வைட்டி ஃபோர்டு இடக்கையர். ஆதலின் அவர் முதுகு மூன்றாம் தளத்தை நோக்கியிருந்தது. அதனைக் கண்ட ராபின்சன், நரைத்த தலையும் நொந்த காலுமாகத் தாய்த்தளத்தை நோக்கிப் பாய்ந்தார்! பந்து பறந்து வந்தது. பிடிப்பாளர் யோகி பெர்ரா அதனைப் பிடித்து அவரைத் தொட முயன்றார். நடுவரோ ராபின்சன் தப்பினார் எனத் தீர்ப்பளித்தார். பெர்ரா துள்ளிக் குதித்து வாதாடினார். 2015-இல் தாம் மறையும் வரையிலும் அத்தீர்ப்பை அவர் ஏற்கவில்லை.

அவ்வோட்டம் கிடைத்தும் புரூக்ளின் 5-6 எனத் தோற்றது. அடுத்த ஆட்டத்திலும் தோல்வியே. ஆயினும் அணியினர் சோர்ந்துவிடவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றனர். ஆறாவதில் யாங்கீஸ் வென்றது. இரு தரப்பும் மும்மூன்று வெற்றிகளுடன் சமநிலையில் நிற்க, அக்டோபர் 4-ஆம் நாள் ஏழாம் ஆட்டம் முடிவைத் தீர்மானிக்க இருந்தது.

அவ்வாட்டத்தில் ராபின்சன் ஆடவில்லை. குதிகால் நரம்பு வலியால் வெளியே அமர்ந்திருந்தார். அவர் காலத்தில் அணி ஆடிய உலகத் தொடர் ஆட்டங்கள் 39. அவற்றுள் அவர் ஆடாத ஒரே ஆட்டம் அதுதான்.

புரூக்ளின் 2-0 என முன்னிலையில் இருந்தது. ஆறாம் பகுதியில் யாங்கீஸ் வீரர் இருவர் தளங்களில் நிற்க, யோகி பெர்ரா பந்தை இடப்புற எல்லைக்கோட்டருகே உயர அடித்தார். பந்து தரையில் விழுந்திருந்தால் ஆட்டம் சமநிலைக்கு வந்திருக்கும். அப்போதுதான் இடப்புறக் காவலுக்கு வந்திருந்த சாண்டி அமோரோஸ் என்னும் வீரர் நெடுந்தூரம் ஓடிவந்து, கையுறை அணிந்த வலக்கையை நீட்டிப் பந்தைப் பிடித்தார். உடனே அதனை உட்களத்திற்கு எறிந்தார். அதனால், தளம் விட்டு ஓடிய மற்றொருவரும் ஆட்டமிழந்தார். இளைஞர் ஜானி போட்ரஸ் இறுதிவரை திறம்படப் பந்து வீச, புரூக்ளின் முதன்முறையாக வாகை சூடியது. சில ஆண்டுகளில் அவ்வணி வேறு நகருக்குப் பெயர்ந்தமையால், புரூக்ளின் மண் கண்ட ஒரே வாகையும் அதுவாயிற்று.

அத்தொடரில் ராபின்சன் 22 முறை மட்டை பிடித்து 4 நல்ல அடிகளே அடித்தார். ஏட்டில் உள்ளது இவ்வளவே. ஆனால் மாணவச் செல்வங்களே, பந்தைப் பிடித்த அமோரோஸ் யார்? கியூபா நாட்டிலிருந்து வந்த கறுப்பினத்தவர். அவ்வாண்டின் சிறந்த வீரர் விருதைப் பெற்றவரும், அதே அணியின் பிடிப்பாளருமான ராய் காம்பனெல்லாவும் கறுப்பினத்தவரே. பருவத்தில் 20 வெற்றிகளை ஈட்டித் தந்த பந்து வீச்சாளர் டான் நியூகோம்பும் அவ்வினத்தவரே. எட்டாண்டுகளுக்கு முன் ராபின்சன் வசைமொழிகளை விழுங்கிக்கொண்டு தனியொருவராய் நின்றிராவிடில், இவர்களுக்கு அக்களத்தில் இடம் கிடைத்திருக்குமா? இறுதி ஆட்டத்தில் ஆடாமலே அவ்வெற்றியில் அவர் பங்கு பெற்றார். அப்பங்கினை எழுத எந்த ஏட்டிலும் கட்டமில்லை.

பிற்காலம்

1957-இன் தொடக்கத்தில் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். புரூக்ளினில் ஆடிய பத்து ஆண்டுகளில் அவர் அடித்த நல்ல அடிகள் 1,518, விகிதம்.311. 1962-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. வணிக நிறுவனமொன்றில் துணைத் தலைவராகப் பணியாற்றிய அவர், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டங்களிலும் முன்னின்றார். அம்மக்களுக்கென வங்கி ஒன்று தோன்றவும் துணை புரிந்தார்.

நீரிழிவு நோய் அவர் உடலை அரித்தது, கண்பார்வையும் மங்கியது. 1972 அக்டோபர் 15-ஆம் நாள் பொதுமேடையில் அவரைப் பாராட்டியபோது, கறுப்பினத்தவர் ஒருவர் அணியின் மேலாளராவதைக் காண விரும்புவதாகக் கூறினார். ஒன்பது நாள்களுக்குப் பின், அக்டோபர் 24-இல், தம் 53-ஆம் வயதில் மறைந்தார். அவ்விருப்பம் 1975-இல் நிறைவேறியது. அவர் அணிந்த 42 என்னும் எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை என 1997-இல் உயர்நிலை அணிகள் அனைத்திற்கும் முடிவு செய்யப்பட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ஆம் நாள் மட்டும் எல்லா வீரர்களும் அவ்வெண்ணை அணிந்து ஆடி அவரை நினைவுகூர்கின்றனர்.

மாணவச் செல்வங்களே! புள்ளிகளுக்காக உழையுங்கள். ராபின்சனும் எண்களுக்காக உழைத்தவரே. 1949-ஆம் ஆண்டின் எண்கள் அதற்குச் சான்று. ஆனால் உம் புள்ளி குறைந்த ஆண்டிலும் உம்மால் பிறருக்கு ஆகும் நன்மை குறைய வேண்டியதில்லை. பெற்றோரே! தேர்ச்சி அறிக்கையைப் படித்து முடித்தபின், தம்பி தங்கையரை உம் பிள்ளை கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வருவதையும், தனக்குத் தெரிந்த பாடத்தைத் தோழனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். அவற்றிற்கும் அறிக்கையில் கட்டமில்லை.