பாரிசில் மொசார்ட் பட்ட பாடு

மொசார்ட்டுக்கு அப்போது வயது 7. தாய், தந்தை, அக்காளுடன் 1763-ம் ஆண்டு நவம்பர் மாதம் பாரிஸ் நகருக்கு வந்தான். அந்தச் சின்னஞ்சிறு விரல்கள் வாசித்ததைக் கேட்டு நகரமே சொக்கிப்போயிற்று. அரண்மனையில் 15-ம் லூயி மன்னர் விருந்து உண்டபோது, சிறுவனை அருகே நிறுத்தி அரசியே தின்பண்டம் எடுத்துக் கொடுத்தாள்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே மொசார்ட் அதே பாரிசுக்கு வேலை தேடி வந்தார். இப்போது அவரைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை!

தாயும் மகனும்

மொசார்ட் 1756-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி, இன்று ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். அந்த ஊரை ஆண்ட பேராயரிடம் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்தார். அது பிடிக்காமல் 1777-ல் வேலையை விட்டார். வேறு ஊரில் நல்ல பதவி தேடப் புறப்பட்டார். தந்தை லியோபோல்டும் பேராயரின் ஊழியர். அவரால் உடன்போக முடியவில்லை. எனவே தாய் அன்னா மரியா துணைக்குச் சென்றாள்.

மியூனிக்கில் வேலை கிடைக்கவில்லை. மன்ஹைம் நகரிலும் கிடைக்கவில்லை. கையில் இருந்த பணம் கரைந்தது. போதாக்குறைக்கு அங்கே ஒரு பாடகியிடம் மகன் மனதைப் பறிகொடுத்தார். செய்தி அறிந்த தந்தை, உடனே பாரிசுக்குப் போ என்று கோபமாகக் கடிதம் எழுதினார். ஊர் திரும்ப இருந்த தாய், மகனைத் தனியே விட மனமின்றித் தானும் கிளம்பினாள்.

ஒன்பது நாளுக்கு மேல் குதிரை வண்டிப் பயணம். 1778-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி இருவரும் பாரிஸ் சேர்ந்தார்கள்.

இருட்டு அறை

கிடைத்த அறை முற்றத்தைப் பார்த்தது. வெளிச்சம் இல்லை. பகலா, மழையா என்பதுகூடத் தெரியாது. மாடிப்படி மிகவும் குறுகல். பியானோவை மேலே ஏற்ற வழி இல்லை! இசை எழுதுவதற்கு மொசார்ட் இன்னொருவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பணம் கொடுத்து வரவழைத்த சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை. பாஷை தெரியாத ஊரில் அந்தத் தாய் நாள் முழுதும் சிறைக்கைதி போலத் தனியே உட்கார்ந்திருந்தாள். பிறகு வெளிச்சமான அறைக்கு மாறினார்கள். ஆனால் அதற்குள் அவள் உடம்பு தளர்ந்துவிட்டது.

குளிரில் விறைத்த விரல்கள்

மொசார்ட் தினமும் பிரபுக்களின் வீடுகளுக்கு அலைந்தார். தெருவெல்லாம் சேறு. வண்டி வாடகையோ கொள்ளை.

ஒருநாள் ஒரு சீமாட்டியின் மாளிகைக்குச் சிபாரிசுக் கடிதத்துடன் போனார். நெருப்பு மூட்டாத பெரிய அறையில் அரைமணி நேரம் காக்க வைத்தார்கள். சீமாட்டி வந்து வாசிக்கச் சொன்னபோது, குளிரில் விரல் மடங்கவில்லை. கணப்பு உள்ள அறைக்குப் போகலாமா என்று பணிவாகக் கேட்டார். அவளோ நண்பர்களுடன் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் படம் வரைந்துகொண்டிருந்தாள். கதவும் ஜன்னலும் திறந்தே கிடந்தன. கடைசியில் ஓட்டைப் பியானோவில் மொசார்ட் வாசித்தார். யாரும் தலை நிமிரவில்லை. நாற்காலிக்கும் சுவருக்கும் வாசித்த கதைதான்! நல்லவேளையாகச் சீமாட்டியின் கணவர் வந்தார். அவர் ஒருவர்தான் காது கொடுத்துக் கேட்டார்.

இன்னொரு பிரபுவின் மகளுக்கு, தினம் இரண்டு மணி நேரம் இசை எழுதக் கற்றுக் கொடுத்தார். 24 பாடம் முடிந்தது. பிரபு ஊருக்குப் போய்விட்டார். வீட்டு மேற்பார்வைக்காரி பாதிப் பாடங்களுக்கு மட்டும் மூன்று தங்க நாணயங்களை எடுத்து நீட்டினாள். அந்தப் பிரபுவும் மகளும் சேர்ந்து வாசிக்கவென்று புல்லாங்குழலுக்கும் ஹார்ப்புக்கும் ஓர் அழகான உருப்படியை மொசார்ட் எழுதித் தந்திருந்தார். நான்கு மாதமாகியும் அதற்குக் காசு வரவில்லை. இன்று உலகெங்கும் வாசிக்கிறார்களே, அதே உருப்படிதான்!

ஒரு நாள் மகிழ்ச்சி

ஜூன் 18-ந் தேதி அவருடைய புதிய ஸிம்பனி அரங்கேறியது. சபையோர் நடுவிலேயே கைதட்டினார்கள். மொசார்ட் சந்தோஷமாக ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டு, ஜெபமாலை சொல்லிவிட்டு வீடு திரும்பினார்.

மறுநாளே தாய் படுக்கையில் விழுந்தாள். பிரெஞ்சு வைத்தியர் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தாள். ஜெர்மன் வைத்தியர் வந்தும் பலன் இல்லை. ஜூலை 3-ந் தேதி இரவு, 57-வது வயதில் கண்ணை மூடினாள்.

அன்று இரவே 22 வயது மகன் இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று தந்தைக்கு. அதில் அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று மட்டும் இருந்தது. இன்னொன்று சால்ஸ்பர்க்கில் இருந்த பாதிரியார் நண்பருக்கு. அதில்தான் உண்மை இருந்தது. அப்பாவின் மனதை மெல்லத் தயார் செய்யுங்கள் என்று அவரைக் கெஞ்சியிருந்தார்.

திரும்பும் வழியிலும் ஏமாற்றம்

செப்டம்பர் 26-ந் தேதி பாரிசை விட்டுக் கிளம்பினார். வழிச்செலவு கொடுத்த கிரிம் என்ற பிரமுகர், வேகமான வண்டியில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். வந்ததோ குதிரை மாற்றாமல் ஊர்ந்து போகும் வண்டி! பொறுக்கமாட்டாமல் மொசார்ட் பாதி வழியில், நான்சி நகரில் இறங்கிவிட்டார்.

1779 ஜனவரியில் சால்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். வாசலில் அப்பாவும் அக்காளும் இருந்தார்கள். உதறிவிட்டுப் போன அதே பேராயரிடம் ஆர்கன் வாசிக்கும் வேலை. தாய் மட்டும் பாரிஸ் மண்ணிலேயே தங்கிவிட்டாள். 1791 டிசம்பர் 5-ந் தேதி, 35 வயதில் சாகும்வரை மொசார்ட் மறுபடி பாரிஸ் பக்கம் போகவே இல்லை.