இரவுக்கு விழி தந்தவர்

பகலிலே காணும் நகரம் ஒன்று. இரவிலே வாழும் நகரம் பிறிதொன்று. பாரிசு மாநகரின் இவ்விரண்டாம் முகத்தை உலகுக்குக் காட்டியவர் அந்நகரிற் பிறந்தவரல்லர்.

யூலா ஹலாஸ் என்னும் இயற்பெயருடைய அவர், 1899ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, அந்நாளில் ஹங்கேரிக்குரியதாயிருந்து பின்னர் ருமேனியாவைச் சேர்ந்த பிராசோ என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்த ஆசிரியர். புடாபெஸ்டிலும் பேர்லினிலும் ஓவியம் பயின்ற மைந்தர், 1924இற் பாரிசை அடைந்து பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். அவ்வூரான் எனப் பொருள்படும் பிரசாய் என்பதே பின்னர் அவர் புனைபெயராயிற்று.

நிழற்படக் கலையை அவர் முதலில் மதித்தாரல்லர். ஆயினும், இரவெல்லாம் திரிந்து கண்ட காட்சிகளை வேறெவ்வாற்றானும் பற்றிவைத்தல் இயலாமையின், முப்பது வயதளவிற் கமராவை ஏந்தினார். கண்ணாடித் தகட்டிற் படம் பதியும் காலம் அது. மங்கிய வீதியிலே தகடு நெடுநேரம் ஒளியை உண்ணவேண்டும். சிகரெட்டு ஒன்று எரிந்து முடியும் நேரமே அவர்க்கு அளவுகோல். அவ்வாறு பிடித்த படங்கள் 1932இன் இறுதியில் ‘இரவிற் பாரிசு’ என நூலுருப் பெற்றன.

அக்கோர்டியன் இசை முழங்க ஆணும் பெண்ணும் ஆடிய லாப் வீதிக் கூடங்களில் இம்முறை பயன்படாது. ஆடுவோர் அசையாது நில்லார். ஆதலின் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி ஒளி பெற்றார். அவ்வொளியும் புகையும் கண்ட பிக்காசோ அவரைப் பயங்கரவாதி என்று நகையாடினாராம். ஒரு முறை பொடி வெடித்தாற் கூடம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்; களவாகப் படம் பிடித்தல் அங்கே ஆகாது. எனவே, உலகம் இழிந்தோரென ஒதுக்கிய மாந்தரோடும் உடனிருந்து பழகி, அவர்தம் இசைவு பெற்றே படம் பிடித்தார். அம்முகங்களில் அச்சமின்மைக்குக் காரணம் இதுவே. அந்நாளில் அச்சேறவியலாத பல படங்கள் 1976இலேதான் நூலாயின.

1940இற் செர்மானியர் பாரிசைக் கைப்பற்றினர். படம் பிடிக்க அவர்தம் அனுமதிச் சீட்டு வேண்டுமென்றாயிற்று. அதனைக் கேட்க அவர் மறுத்தார், வருவாய் போயிற்று, பழைய ஓவியக் கோலையே மீண்டும் எடுத்தார்.

1984 யூலை 8ஆந் திகதி மறைந்த அவர், பாரிசின் மொன்பர்னாஸ் இடுகாட்டில் துயில்கின்றார். ஆடற்கூடத்து எளியோரிடம் அனுமதி கேட்க நாணாதவர், ஆண்டோரிடம் அதனைக் கேட்க நாணினார். கலைஞன் எவரிடம் பணிதல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.