கடையத்துச் செல்லம்மா

மகாகவி பாரதியாரின் வரலாற்றை எழுதியோர் பலர். அவ்வாழ்வின் பாரத்தை உடனிருந்து சுமந்தவர் கடையத்துச் செல்லம்மா. 1897-இல் திருமணம் நிகழ்ந்தபோது அவருக்கு வயது 7, மணமகனுக்கு 14.

மறு ஆண்டே தந்தையை இழந்த பாரதியார், கல்வியின் பொருட்டுக் காசி சென்றார். அங்கே கணவர் அரசினர் வெறுக்கும் வழியில் நடக்கிறார் என்று பிறர் சொல்லக் கேட்ட சிறுமி, அஞ்சிக் கடிதம் வரைந்தார். மறுமொழியில் அன்பு இருந்தது. தாம் தவறான நெறியில் செல்பவரல்லர் என்ற உறுதி இருந்தது. கவலைப்படும் பொழுதில் தமிழை நன்கு பயிலலாமே என்ற அறிவுரையும் இருந்தது. அச்சம் தீர அவர் நாடியது அருகிருக்கும் ஒரு துணை. வந்து சேர்ந்ததோ ஒரு பாடம். கணவர் ஈந்தது பெரிது. மனைவி வேண்டியது சிறிது. எனினும் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகவில்லை. பின்னாளைய இல்லறத்தின் இடர்ப்பாடும் இதுவே.

1908-இல் பாரதியார் புதுவையில் புகலடைந்தார். வறுமை சூழ்ந்த அந்நாள்களில் ஒருமுறை, சமையலுக்கென வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துக் களித்தார் கவிஞர். பிள்ளைகளின் பசியை எண்ணிக் கலங்கினார் மனைவி. குருவியிடம் கொண்ட அன்பும் பொய்யன்று. அடுக்களையின் கவலையும் சிறுமையன்று. ஆனால் முன்னதைப் போற்றிய நாம் பின்னதை நினைப்பதில்லை.

பெண் விடுதலையைப் பாடியதோடு அமையாமல், மனைவியைச் சமமாக உடனழைத்து வீதியில் நடந்தவர் பாரதியார். அச்செயலின் பெருமை அவருக்கு வாய்த்தது. ஊராரின் ஏளனத்தில் ஒரு பங்கு செல்லம்மாவுக்கும் வந்தது.

1921 செப்டம்பரில் கவிஞர் மறைந்தார். துயரில் ஒடுங்கிவிடாமல், மறு ஆண்டே பாரதி ஆச்சிரமத்தின் வாயிலாகச் சுதேச கீதங்களை வெளியிடச் செய்தார் அம்மையார். 1951-இல் திருச்சி வானொலியில் கணவரைப் பற்றிப் பேசியபோது, கவிஞருக்கு மனைவியாய் இருத்தல் கடினம் என்பதை மறைக்கவில்லை. அவருடன் வாழ்ந்த பெருமிதத்தையும் மறைக்கவில்லை. 1955-இல் அம்மையார் காலமானார்.

கவலையை மறக்கத் தமிழ் பயிலுமாறு காசியிலிருந்து எழுதினார் கணவர். அரை நூற்றாண்டு கடந்து, பட்ட கவலையை அத்தமிழிலேயே நாடறியச் சொன்னார் மனைவி. கேட்க வேண்டிய அவர் அப்போது இல்லை. கவிதை வாழும் இல்லங்களில் உடன்வாழும் உள்ளத்தின் சொல்லை உரிய காலத்தில் கேட்பது, நம் போன்றோர் கடமை.