வாதம் துறந்த வாதவல்லுநர்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர்கள் மெய்யியலாரை வாதில் மடக்கிய வரலாற்றையே எடுத்துரைப்பர். அப்பெருந்தகை வாதத்தையே கைவிட்ட வரலாறு அத்துணைப் பேசப்படுவதில்லை. நாம் இங்கு அதனையே காணப் புகுகின்றோம்.

குராசான் நாட்டின் தூஸ் நகரில் இமாம் அவர்கள் 1058-ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 450) பிறந்ததாகக் கொள்வர். நீஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி அவர்களிடம் பயின்றார்கள். 1085-இல் ஆசிரியர் மறைந்தபின், ஸல்ஜூக்கியரின் வஸீர் நிஜாமுல் முல்க்கின் அவையை அடைந்தார்கள். அங்கு அறிஞர்கள் ஆள்வோர் முன்னிலையில் வாதிடுவர். வென்றவருக்குப் புகழும் பதவியும் வரும். இமாம் அவர்கள் வென்றார்கள். 1091-இல் பாக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியப் பதவி அவர்களை நாடி வந்தது. முந்நூறு மாணவர் சூழப் பாடம் சொன்னார்கள்.

அந்நாளில்தான் கிரேக்க வழிவந்த மெய்யியலைக் கற்றார்கள். யாரிடம்? எவரிடமும் இல்லை. பாடவேளை போக எஞ்சிய நேரத்தில் தாமே நூல்களைப் படித்து, இரண்டாண்டுக்குள் தெளிந்து, மேலும் ஓராண்டு சிந்தித்ததாக அவர்களே பின்னாளில் எழுதியுள்ளார்கள். அதன் விளைவாகிய ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ இருபது சிக்கல்களில் மெய்யியலாரை மறுக்கின்றது. இடிப்பதே அந்நூலின் நோக்கம், கட்டுவது அன்று என்பதை இமாம் அவர்கள் அந்நூலிலேயே மறைக்காது கூறிவிடுகின்றார்கள். நம் எளிய கருத்தில், அது ஒப்பற்ற வாதநூல்; ஆயினும் எதிரே அமர்ந்து விடை கூற ஒருவரும் இல்லாத வாதம். இப்னு ருஷ்து அவர்களின் மறுமொழி வந்தபோது இமாம் மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

1095-ஆம் ஆண்டு, புகழின் உச்சியில், அவர்களின் நாவே எழாமற் போயிற்று. பாடம் சொல்ல முயன்றும் சொல் வரவில்லை, உணவும் இறங்கவில்லை. மருத்துவர் கைவிட்டனர். தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வியே நோயாயிற்று. பொருளைப் பகிர்ந்தளித்துவிட்டு, ஹஜ்ஜுக்கெனக் கூறிக்கொண்டு டமாஸ்கஸ் சென்றார்கள்.

ஹிஜ்ரி 489-இல் (1096) ஹெப்ரான் நகரில், நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில், மூன்று உறுதிகள் பூண்டார்கள்: அரசவை செல்வதில்லை, அரசுப் பொருள் பெறுவதில்லை, வாதமன்றம் ஏறுவதில்லை.

இதனால் இமாம் அவர்கள் பிறரோடு கலந்து ஆராய்வதையே வெறுத்தார்கள் எனக் கொள்ளற்க. ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் கல்வி பற்றிய பகுதியில் அதற்குரிய நெறிகளை வகுத்துள்ளார்கள். காணாமற்போன கால்நடையைத் தேடுவோன், அது தன் கையில் அகப்பட்டாலும் துணைவன் கையில் அகப்பட்டாலும் மகிழ்வது போல உண்மையைத் தேட வேண்டும். பெருங்கூட்டத்தைக் காட்டிலும் தனிமையில் உரையாடுவதே விருப்பமாக இருத்தல் வேண்டும். உடன் ஆராய்பவர் ஒரு சான்றை விட்டு வேறொன்றுக்குச் செல்ல விரும்பினால் தடுக்கலாகாது. தமக்குக் கற்பிக்க வல்லாரையே நாட வேண்டும். வாதிகளோ வல்லாரை அஞ்சி எளியாரைத் தேடுகின்றனர். (நம் கருத்தரங்குகளில் எழும் கேள்விகளுள் எத்தனை, விடை வேண்டிக் கேட்கப்படுகின்றன என நாம் பலமுறை எண்ணியதுண்டு.) உமர் (ரலி) அவர்கள் மக்கள் மன்றத்தில் ஒரு பெண்மணி திருத்தியபோது தம் தவற்றை ஒப்பிய நிகழ்ச்சியையும் இமாம் அவர்கள் சான்று காட்டுகின்றார்கள். இவற்றை வெளியிலிருந்து நோக்கிய ஒருவர் எழுதியிருக்க முடியாது. வெல்லும் ஆசை எத்தகையது என்பதை முற்றும் உணர்ந்தவர் எழுத்து இது.

1106-இல் வஸீர் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நீஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கலானார்கள். எதிர்ப்பாளர் விடவில்லை, குற்றச்சாட்டுகள் ஆட்சியாளர் சன்ஜர் வரை சென்றன. இமாம் அவர்கள் ஹெப்ரானில் பூண்ட உறுதியைச் சுட்டியே மடல் வரைந்தார்கள். பின்னர்த் தூஸில், தம் இல்லத்தருகே, மாணவர்க்கும் சூஃபிகளுக்கும் அமைத்த இடத்தில் தங்கினார்கள்.

1110-இல் பாக்தாத் நிஜாமிய்யாவின் தலைவரும் தம் ஒருசாலை மாணாக்கருமாகிய கியா அல்-ஹர்ராஸி மறையவே, அப்பதவி மீண்டும் அழைத்தது. இமாம் அவர்கள் மறுத்தெழுதினார்கள். தூஸில் தம்மை நம்பியிருந்த மாணவரைக் குறிப்பிட்டார்கள். பாக்தாதில் வாதிடாமல் வாழ இயலாது என்பதையும் குறிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் தூஸிலேயே அவர்களின் உயிர் பிரிந்தது.