சிகரெட் அட்டையில் ஒரு ராஜகுமாரன்

ரஞ்சி கோப்பை என்ற பெயரைக் கேட்காதவர்கள் குறைவு. சென்னை சேப்பாக்கத்தில் மட்டும் அல்ல. நீலகிரியின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி இருக்கும் சேரம்பாடியிலும், தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுச் சிறுவன் அந்தப் பெயரை அறிவான்.

ஆனால், ரஞ்சி என்பவர் யார்? எந்த ஊர்க்காரர்? எப்படி இருப்பார்?

இந்தக் கேள்விக்கு நம் ஊர்ச் சிறுவர்கள் திகைக்கலாம். சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்துச் சிறுவர்கள் திகைக்கவில்லை. அவர்களுடைய சட்டைப் பையிலேயே ரஞ்சியின் படம் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான ஒரு சிறிய அட்டை. அதில் மட்டை பிடித்து நின்றார், மாநிறமான ஓர் இந்திய இளைஞர்.

இந்தியாவை இங்கிலாந்து ஆண்ட காலம் அது. ஆளப்படும் நாட்டு இளைஞர் ஒருவரின் படத்தை, ஆளும் நாட்டுப் பிள்ளைகள் தேடித் தேடிச் சேர்த்தார்கள் என்றால், அது சாதாரண விஷயமா?

அட்டை பிறந்த கதை

அந்தக் காலத்தில் சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பாக்கெட்டுகளில் வந்தன. பையில் வைத்தால் நசுங்கிவிடும். அதைத் தடுக்க, பாக்கெட்டுக்குள் ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள்.

வெற்று அட்டை எதற்கு? அதில் விளம்பரம் அச்சிடலாமே என்று கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றியது. பிறகு படம் அச்சிட்டார்கள். கப்பல், போர் வீரர், நாடக நடிகை, விளையாட்டு வீரர் என்று படங்கள் வந்தன. படத்துக்கு எண் கொடுத்தார்கள். 50 படம் சேர்ந்தால் ஒரு வரிசை முடியும். 49 வைத்திருப்பவனுக்கு அந்த ஒன்று கிடைக்கும்வரை தூக்கம் வராது. வியாபாரத் தந்திரம் அதுதான்.

அமெரிக்காவில் தொடங்கிய இந்த வழக்கம் இங்கிலாந்துக்கும் வந்தது. 1896-ல் வில்ஸ் கம்பெனி, 50 கிரிக்கெட் வீரர்களின் படங்களை வெளியிட்டது. இங்கிலாந்தில் வந்த முதல் விளையாட்டு வரிசை அதுதான்.

அப்பா சிகரெட் வாங்கினால் படம் பிள்ளைக்கு. சிகரெட் பிடிக்காத வீட்டுப் பிள்ளைகள், கடை வாசலில் நின்று, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் படம் கேட்டார்கள். சிகரெட் உடலுக்குக் கேடு என்பதை இன்று எல்லோரும் அறிவோம். அதை விற்பதற்காகவே அந்தப் படங்கள் பிறந்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கிரிக்கெட் அட்டைகள் வந்த அதே 1896-ம் ஆண்டுதான், ரஞ்சியின் வாழ்க்கையில் திருப்பம் ஏற்பட்ட ஆண்டு.

கிடைத்ததும் பறிபோனதும்

ரஞ்சித்சிங்ஜி என்பது அவருடைய முழுப்பெயர். 1872 செப்டம்பர் 10-ந் தேதி, இன்றைய குஜராத்தில் உள்ள கத்தியவார் பகுதியில், சரோதர் என்ற கிராமத்தில் பிறந்தார்.

அந்தப் பகுதியில் நவாநகர் என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. அதை ஆண்டவருக்கு ஜாம் சாகிப் என்று பட்டம். அப்போதைய ஜாம் சாகிப் விபாஜி, தமக்குப் பின் ஆள்வதற்காக, உறவுக்காரப் பையனான ரஞ்சியைத் தேர்ந்தெடுத்தார். கிராமத்துப் பையன் அரண்மனை வாரிசு ஆனான்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1882-ல் விபாஜிக்கே ஒரு மகன் பிறந்தான். ரஞ்சி ஒதுக்கப்பட்டார். பிரிட்டிஷ் அரசும் புதிய வாரிசையே ஒப்புக்கொண்டது. அப்போது ரஞ்சிக்கு வயது சுமார் 12. சிம்மாசனம் கைக்கு எட்டாமல் போயிற்று.

ராஜ்கோட்டில் இருந்த ராஜகுமார் கல்லூரியில் அவர் படித்தார். கிரிக்கெட் அங்கேதான் கைவந்தது. 1888-ல் கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார்.

கட்டிப் போட்ட கால்

கேம்பிரிட்ஜில் ரஞ்சிக்கு நண்பர்கள் சுலபமாகக் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக கிரிக்கெட் அணியில் இந்தியருக்கு இடம் கொடுக்க யாரும் அவசரப்படவில்லை. அவர் உள்ளூர்ப் பூங்காவில், ஊர்க்காரர்களின் குழுக்களோடு ஆடினார். ரன்களைக் குவித்தார்.

அவருடைய ஆட்டத்தில் ஒரு குறை இருந்தது. வேகமான பந்து வந்தால் வலது கால் பின்வாங்கும். அந்தப் பழக்கத்தைப் போக்க, பயிற்சியின்போது அவருடைய வலது காலை அசையாதபடி தரையோடு கட்டினார்கள். பணம் கொடுத்து அமர்த்திய பந்து வீச்சாளர்கள் மணிக்கணக்கில் பந்து வீசினார்கள்.

கால் நகர முடியாது. பந்தோ உடலை நோக்கி வருகிறது. என்ன செய்வது? இடுப்பை வளைத்து, மணிக்கட்டைத் திருப்பி, பந்தை மெல்லத் தொட்டு, பின்பக்கம் அனுப்பினார் ரஞ்சி. பந்து வந்த வேகத்திலேயே எல்லைக்கு ஓடியது!

இன்று லெக் கிளான்ஸ் என்று சொல்கிறார்களே, அந்த அடி ரஞ்சியின் கையில் புதிய கலை ஆயிற்று. கட்டிப் போட்டதே அவருக்குப் பலம் ஆகிவிட்டது.

பல்கலைக்கழக அணியின் தலைவராக இருந்த ஜாக்சன் என்ற ஆட்டக்காரர், 1892-93 குளிர்காலத்தில் ஓர் ஆங்கில அணியோடு இந்தியா வந்தார். இந்தியர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று நேரில் பார்த்தார். திரும்பிப் போனதும் அவர் மனம் மாறியது. 1893-ல் ரஞ்சிக்கு இடம் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் அணியில் ஆடிய முதல் இந்தியர் அவரே.

1895-ல் சசெக்ஸ் மாவட்டத்துக்காக ஆடத் தொடங்கினார். லார்ட்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டம். முதல் இன்னிங்சில் ஆட்டம் இழக்காமல் 77, அடுத்த இன்னிங்சில் 150.

மான்செஸ்டரில் மூன்று நாள்

1896-ல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வந்தது. ரஞ்சி அபாரமாக ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த முதல் டெஸ்டுக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தியாவில் பிறந்தவர் இங்கிலாந்துக்கு ஆடலாமா என்று ஒரு தர்க்கம் கிளம்பியிருந்தது.

அந்தக் காலத்தில், எந்த ஊரில் டெஸ்ட் நடக்கிறதோ, அந்த ஊர்க்காரர்களே அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாவது டெஸ்ட் மான்செஸ்டரில். அங்கிருந்த குழு ரஞ்சியைத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்திரேலியர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றால்தான் ஆடுவேன் என்பது ரஞ்சியின் நிலை. ஆஸ்திரேலியத் தலைவர் டிராட் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்.

ஜூலை 16-ந் தேதி ஆட்டம் தொடங்கியது. ஆஸ்திரேலியா 412 ரன். இங்கிலாந்து 231 ரன்னில் சுருண்டது. அதில் ரஞ்சி எடுத்தது 62. மீண்டும் ஆட வேண்டிய நிலை. ஒவ்வொருவராக ஆட்டம் இழந்தார்கள். ஜோன்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளரின் பந்து ரஞ்சியின் காதில் பட்டு ரத்தம் வந்தது. அவர் அசரவில்லை.

கடைசி நாள் காலையில் 41 ரன்னோடு ஆட வந்தார். பகல் உணவுக்கு முன்பே சதம் கடந்தார். கடைசிவரை ஆட்டம் இழக்கவில்லை. இங்கிலாந்தின் மொத்தம் 305. அதில் பாதிக்கு மேல், 154 ரன், ரஞ்சி ஒருவர் எடுத்தது!

இங்கிலாந்து 3 விக்கெட்டில் தோற்றது. ஆனாலும் ஊரெல்லாம் ரஞ்சி பேச்சு. டெஸ்டில் ஆடிய முதல் இந்தியர், முதல் டெஸ்டிலேயே சதம் அடித்துவிட்டார். பந்துக்குப் பயந்து பின்வாங்கிய கால், அன்று மலைபோல நின்றது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 22-ந் தேதி, யார்க்ஷயருக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு சதங்கள் அடித்தார். அந்த ஆண்டில் மட்டும் அவர் எடுத்தது 2,780 ரன். டபிள்யூ.ஜி. கிரேஸ் 1871-ல் செய்த சாதனை முறிந்தது. 1899-ல் ஒரே பருவத்தில் 3,000 ரன்னைக் கடந்தார். உலகில் அதுவரை யாரும் செய்யாதது அது. அடுத்த ஆண்டும் அதையே செய்தார்!

ஊர் ஊராகப் போன முகம்

வில்ஸ், ஆக்டன் போன்ற கம்பெனிகளின் அட்டைகளில் ரஞ்சியின் முகம் வந்தது இந்தக் காலத்தில்தான். மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட பட்டுச் சட்டை, மெல்லிய உடல், கையில் மட்டை.

அக்காலத்தில் தொலைக்காட்சி இல்லை. பத்திரிகைகளில் புகைப்படமும் அரிது. ரஞ்சியின் ஆட்டத்தை நேரில் பார்க்காதவர்களும் அவரை அட்டையில் பார்த்தார்கள். சுரங்கத் தொழிலாளி வீட்டுக்கும், மீனவர் குடிசைக்கும் அந்த முகம் போயிற்று. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் அதைக் கை மாற்றினார்கள்.

அணியில் இடம் தரலாமா என்று பெரியவர்கள் தயங்கிய இந்தியருக்கு, பிள்ளைகள் தங்கள் பெட்டியில் இடம் கொடுத்துவிட்டார்கள்.

அட்டை சொல்லாத பக்கம்

படத்தில் தெரிந்த ராஜகுமாரன் உண்மையில் பணக்காரர் அல்ல. ராஜா மாதிரி செலவு செய்தார், கடன் வாங்கினார். நவாநகர் சிம்மாசனத்துக்காக அவர் தொடர்ந்து வாதாடினார்.

1906-ல் இளம் ஜாம் சாகிப் காய்ச்சலில் இறந்தார். 1907 மார்ச்சில் ரஞ்சி பட்டத்துக்கு வந்தார். கிடைத்து, பறிபோய், கால் நூற்றாண்டு கழித்து மீண்டும் கிடைத்த பதவி. ரயில் பாதை, துறைமுகம் போன்ற வேலைகளைச் சமஸ்தானத்தில் செய்தார். முதல் உலகப் போருக்குப் பின், சர்வதேச சங்கத்துக்கு இந்தியப் பிரதிநிதியாகவும் போனார்.

1915-ல் இங்கிலாந்தில் வேட்டைக்குப் போனபோது, துப்பாக்கிக் குண்டு பட்டு வலது கண் போயிற்று. அப்படியும் 1920-ல், 47 வயதில், ஒற்றைக் கண்ணோடு சசெக்ஸ் அணிக்காக மூன்று ஆட்டங்கள் ஆடினார். ரன் சேரவில்லை. பழைய ரஞ்சியைத் தேடி வந்தவர்கள் வருத்தத்தோடு திரும்பினார்கள்.

அவர்மீது ஒரு குறையும் உண்டு. 15 டெஸ்ட்களில் 989 ரன் எடுத்தார், எல்லாம் இங்கிலாந்துக்காக. அவருடைய சகோதரர் மகன் துலீப்சிங்ஜியும் இங்கிலாந்துக்கே ஆடினார். இந்தியாவில் கிரிக்கெட்டை வளர்க்க ரஞ்சி பெரிதாக எதுவும் செய்யவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியோடு ஒட்டியே வாழ்ந்தார். 1933 ஏப்ரல் 2-ந் தேதி காலமானார்.

ஆனாலும் நாடு அவரை மறக்கவில்லை. அவர் பெயரில் பாட்டியாலா மகாராஜா கோப்பை அளித்தார். முதல் ரஞ்சிப் போட்டி நடந்தது நம் சேப்பாக்கத்தில்! 1934 நவம்பர் 4-ந் தேதி மெட்ராசும் மைசூரும் மோதின. நம் ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் வீழ்த்தினார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்து மெட்ராஸ் வென்றது.

குப்பையா, பொக்கிஷமா?

1940-ல், இரண்டாம் உலகப் போரின்போது ஏற்பட்ட காகிதப் பஞ்சத்தில் இங்கிலாந்தின் சிகரெட் அட்டைகள் நின்றுபோயின. வீசி எறியப்பட்டவை போக, மிஞ்சியவற்றைச் சிலர் பாதுகாத்தார்கள்.

அமெரிக்காவில் பர்டிக் என்பவர், மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிய நிலையிலும், 3 லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளைச் சேர்த்து நியூயார்க் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து தம் கையாலேயே ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் உயிர் பிரிந்தது. இங்கிலாந்தில் வார்ட்டன்-டைகர் என்பவர் சேர்த்த பல லட்சம் அட்டைகள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

சிகரெட் விட்ட இடத்தில் தேயிலை வந்தது. 1954 முதல் 1999 வரை புரூக் பாண்ட் கம்பெனி இங்கிலாந்தில் தேயிலைப் பாக்கெட்டுக்குள் படங்கள் வைத்தது. நம் நாட்டில் பபிள்கம் வாங்கிக் கிரிக்கெட் வீரர் படம் சேர்த்தவர்கள் இன்று பெற்றோர் ஆகிவிட்டார்கள்.

சேரம்பாடித் தோட்டத்தில் பறிக்கிற இலை எந்த ஊர் வீட்டில் கொதிக்கிறது என்பது பறித்த கைக்குத் தெரியாது. ரஞ்சியின் முகமும் அப்படித்தான். அவர் கால் வைக்காத ஊர்களுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. அவரைப் பார்க்காதவர்களும் அவரை அறிந்தார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு டப்பா நிறையப் பழைய படங்கள் வைத்திருந்தால், குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். படத்தில் இருப்பவர் யார், எங்கே பிறந்தார், என்ன பாடுபட்டு அந்தப் படத்துக்குள் வந்தார் என்று கேளுங்கள். தெரியாவிட்டால், இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள். முன்பக்கம் முகம் மட்டும்தான் இருக்கும். வாழ்க்கையை நாம்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.